பாட்சி லூபி மறுத்த நாய்

"எங்க அப்பாவுக்குப் புத்தி தடுமாறிப் போச்சு, மிசஸ் ஹாக்கெட். நீங்க ஒரு வார்த்தை சொன்னாத்தான் அடங்குவார்" என்றபடி அசும்ப்தா லூபி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். அவள் பிடித்திருந்த வாரின் மறுமுனையில் ஒரு கறுப்பு கிரேஹவுண்ட் மழையில் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தது.

டிம்ப்னா ஹாக்கெட் துண்டை எடுத்து முதலில் நாயைத் துடைத்தார். அதற்குப் பிறகுதான் வந்தவளுக்கு நாற்காலி காட்டினார். முப்பது ஆண்டுகள் டிப்பெரரி மாவட்டம் முழுக்கப் பண்ணை பண்ணையாகப் போய், பந்தய நாய்க்குட்டிகளின் காதில் பச்சை குத்திப் பதிவு செய்தவர் அவர். இப்போது ஓய்வு. பழைய பால் சேகரிப்பு நிலையம் ஒன்றை வாங்கி, ஓடி முடித்த நாய்களை வைத்துப் பராமரித்து, நல்ல வீடு கிடைத்தால் கொடுத்துவந்தார். எந்த நாய் எந்த நாயின் பேரன் என்று தெரிய வேண்டுமானால் அந்த வட்டாரத்தில் அவரிடம்தான் வருவார்கள்.

"என்ன சொல்றார் பாட்சி?"

"இது சிஸ்ஸி இல்லையாம். மூணு வருஷம் பயிற்சியாளர் டினி மாஹர்கிட்ட பந்தயத்துக்கு விட்டிருந்தோம். பத்து வாரம் முன்னாடி திரும்பி வந்துச்சு. வந்த நாள்லேருந்து அதே பாட்டு. 'என் நாய் எங்கே, என் நாய் எங்கே'ன்னு. ராத்திரி பகல் கிடையாது, தெருமுனையில போய் நிக்கிறார். வியாழக்கிழமை டாக்டரம்மா வர்றாங்க. முதியோர் இல்லத்துல இடம் சொல்லி வச்சிருக்கேன். கடைசியா ஒண்ணு கேட்டார்: 'காதுல குத்தினது டிம்ப்னாதானே, அவ சொல்லட்டும், ஒத்துக்கறேன்'னு."

மூலையில் நாய்களுக்குக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்த டோனல் டூஹி கரண்டியைப் போட்டுவிட்டு வந்தான். இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டியவன். மனைவி போனபிறகு தினமும் இங்கே வந்து ஏதாவது செய்துகொண்டிருப்பான். துப்பு என்றால் அவனுக்குச் சாப்பாடு வேண்டாம்.

"நான் படிக்கிறேன், நான் படிக்கிறேன்" என்று டார்ச் விளக்கை நாயின் காதுக்குப் பின்னால் பிடித்தான். வெளிச்சம் மெல்லிய காதை ஊடுருவி, பச்சைப் புள்ளிகள் எழுத்தாயின. "வலது காதுல இங்கிலீஷ் எழுத்து டி, வி, கே. இடது காதுல ஈ. அடேயப்பா, அதோட அடிக்கோடு மட்டும் பளிச்னு இருக்கு. மத்ததெல்லாம் பழைய பஸ் போர்டு மாதிரி கலைஞ்சு கிடக்கு."

"சிஸ்ஸியோட எழுத்து அதேதானே?" என்றாள் அசும்ப்தா அவசரமாக.

"அதேதான்" என்றார் டிம்ப்னா. அவர் விரல்கள் அதற்குள் நாயின் பாதங்களுக்குப் போயிருந்தன. இடது பின்னங்காலில் உள்விரல் இல்லை. அது இருந்த இடத்தில் இளஞ்சிவப்பாக ஒரு தழும்பு. "இது எப்போ?"

"ஓட்டத்துல போயிருக்கும். கட்டுப் போட்டுத்தான் டினி கொண்டுவந்து விட்டார். நான்தான் ரெண்டு வாரம் மருந்து வச்சேன்."

"பாட்சிக்கு சிஸ்ஸி மேல அவ்வளவு பிரியமா?"

"உசிரு. அடுப்பு ஓரம் சாக்குல படுத்து வளந்தது. அவர் கோட்டுப் பையில மூக்கை விட்டு ரொட்டியை எடுக்கும்." அசும்ப்தா கையிலிருந்த கையுறையை முறுக்கினாள். "இதுவும் நல்ல நாய்தான். அவருக்குத்தான் புரியலை."

டிம்ப்னா நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். "வியாழக்கிழமை நானே வர்றேன். டாக்டர் வர்றதுக்கு ஒரு மணி நேரம் முந்தி. அதுவரை நாய் இங்கே இருக்கட்டும்."

அவளுடைய கார் போனதும் டோனல் குதித்தான். "எழுத்து சரியா இருக்கு, கேஸ் முடிஞ்சுது. பாவம் கிழவர்."

"எழுத்து சரியா இருக்கு" என்று டிம்ப்னா அலமாரியைத் திறந்தார். வரிசையாக முப்பது நோட்டுகள். "நான் குத்தினது சரியா இருக்கான்னு பாக்கணும்."

மறுநாள் இருவரும் பாட்சி லூபியைப் பார்க்கப் போனார்கள். அசும்ப்தா வேலைக்குப் போயிருந்தாள். கிழவர் தெருமுனையில் கம்பை ஊன்றி நின்றிருந்தார். எண்பத்தொரு வயது, சட்டைப் பொத்தான்கள் ஒழுங்காகப் போட்டிருந்தன, ஷூ பளபளத்தது.

"வந்தியா பொண்ணே? பாத்தியா அந்த நாயை? சுருக்கமா சொல்லு, நான் பைத்தியமா?"

"இன்னைக்கு என்ன கிழமை, பாட்சி?" என்று கேட்டான் டோனல், டாக்டர் தோரணையில்.

"புதன். நீ டோனல் டூஹி. தர்ல்ஸ் ஊருக்குப் போற பஸ்ஸை என் வேலியில ஏத்தினவன். தொண்ணூறாம் வருஷம் நவம்பர்."

டோனல் ஓரமாக ஒதுங்கிக்கொண்டான்.

"அந்த ஈத்துல எத்தனை குட்டி பாட்சி?" என்றார் டிம்ப்னா.

"ஆறு. மூணு ஆண் காதுல குத்தின பிறகு செத்துப்போச்சு. ஒரு ஆணை கில்கென்னிக்காரன் வாங்கினான். மிச்சம் ரெண்டு பெட்டை, ரெண்டும் கறுப்பு. சிஸ்ஸியை நான் வச்சுக்கிட்டேன். இன்னொண்ணு சோனி. பந்தைப் போட்டா ஓடாது, நின்னு நம்மையே பாக்கும். நாலு மாசத்துல டினிகிட்ட தள்ளி விட்டுட்டேன்."

"அதுக்குப் பேர்?"

கிழவர் யோசித்தார். "பேர் வச்சேனான்னே ஞாபகம் இல்லை" என்றார். அவர் மறந்துபோனது அது ஒன்றுதான்.

வியாழன் காலை பத்து மணிக்கு லூபி வீட்டுச் சமையலறையில் நால்வரும் ஒரு நாயும் இருந்தார்கள். பாட்சி அடுப்போரம். அசும்ப்தா தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். மேசை ஓரத்தில் இல்லத்தின் படிவம் நிரப்பித் தயாராகக் கிடந்தது. டினி மாஹர் கொஞ்சம் பிந்தி வந்தான். நாயின் ஓய்வுச் சான்றில் கையெழுத்து வேண்டும் என்று டிம்ப்னா அவனைத் தொலைபேசியில் கூப்பிட்டிருந்தார்.

"எங்கே போடணும்? மலை மாதிரி வேலை கிடக்கு எனக்கு" என்றான் தொப்பியைக்கூடக் கழற்றாமல்.

"உட்காருங்க டினி. சிஸ்ஸியோட அடையாளப் புத்தகம் எங்கே?"

"தபால்ல தொலைஞ்சு போச்சு. காது இருக்கே, அப்புறம் புத்தகம் எதுக்கு?"

"காதைப் பத்தித்தான் பேச வந்தேன்." டிம்ப்னா நாயைத் தன் முழங்கால்களுக்கிடையே நிறுத்தி, இடது காதை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்தார். "குட்டிக்கு மூணு மாசத்துல பச்சை குத்துவேன். அப்போ காது என் கட்டை விரல் அளவு. காது வளர வளர எழுத்தும் சேந்து வளரும். புள்ளிக்குப் புள்ளி தூரம் விழும், ஓரம் கலையும். இந்த எழுத்துல நிமிந்த கோடு அப்படிக் கலைஞ்சிருக்கு. மேல் கோடு, நடுக்கோடு, ரெண்டும் கலைஞ்சிருக்கு. அடிக்கோட்டுல மட்டும் புள்ளிகள் ஒண்ணையொண்ணு ஒட்டி நிக்குது. அந்தக் கோடு வளரவே இல்லை. ஏன்னா அது குத்தப்பட்டது, காது வளர்ந்து முடிஞ்ச பிறகு."

"பளிச்னு இருக்குன்னு நான்தான் சொன்னேன்!" என்றான் டோனல்.

"நீதான் சொன்னே. அடிக்கோட்டை எடுத்துட்டா என்ன எழுத்து?"

டோனல் காற்றில் விரலால் எழுதிப் பார்த்தான். "எஃப்."

"வலது காது எழுத்து ஈத்துக்கு, இடது காது எழுத்து குட்டிக்கு. டி, வி, கே ஈத்துல ஈ சிஸ்ஸி. அடுத்துக் குத்தினது எஃப். அதுவும் கறுப்புப் பெட்டை."

டினி சிரித்தான். "மை ஊறியிருக்கும் மிசஸ் ஹாக்கெட். இதை வச்சு யாரும் என்னைத் தூக்குல போட முடியாது."

"முடியாதுதான். அதனாலதான் நகத்தையும் பாத்தேன்." டிம்ப்னா கைப்பையிலிருந்து பழுப்பேறிய நோட்டை எடுத்துப் படித்தார். "ஈ: பதினெட்டு நகமும் கறுப்பு. எஃப்: எல்லாம் கறுப்பு, இடது பின்னங்கால் உள்விரல் நகம் மட்டும் வெள்ளை." நோட்டை மூடினார். "இந்த நாய்க்கு இல்லாத விரல் எதுன்னு எல்லாரும் பாக்கலாம். ஓட்டத்துல நசுங்கின விரலை எடுத்தா வெட்டு கோணலா இருக்கும், பக்கத்து விரல்லயும் காயம் இருக்கும். இது நேர் வெட்டு. நல்லா இருந்த விரல். அதுல குத்தம் ஒண்ணே ஒண்ணுதான், நகம் வெள்ளையா இருந்தது."

அசும்ப்தாவின் கையிலிருந்த தேநீர்ப் பாத்திரம் மேசையில் பட்டுக் கவிழ்ந்தது. அவள் அதை நிமிர்த்தவில்லை.

"விரலை வெட்டினியா?" என்று டினியிடம் கேட்டாள். "ஒரே ஜாடையில ஒண்ணு இருக்கான்னுதானே கேட்டேன்? வெட்டச் சொன்னேனா?"

தான் சொன்னது என்ன என்பது அவளுக்குச் சற்றுப் பிந்தித்தான் உறைத்தது.

"செவ்வாய்க்கிழமையே எனக்குத் தெரியும் அசும்ப்தா" என்றார் டிம்ப்னா. "'இதுவும் நல்ல நாய்தான்'னு சொன்னே. ஒரே ஒரு நாயைப் பத்திப் பேசறவங்க 'இதுவும்'னு சொல்ல மாட்டாங்க."

"என் நாய் எங்கே?" என்றார் பாட்சி. குரல் உயரவே இல்லை.

டினி தொப்பியைக் கழற்றினான். "ஏப்ரல் மாசம் பயிற்சியில பின்னங்கால் மூட்டு உடைஞ்சுது பாட்சி. கட்டுப் போட்டா ஆறு மாசத்துல நடந்திருக்கும், ஓட முடியாது. வீட்டுக்கு ஃபோன் பண்ணேன். உன் மகதான் எடுத்தா. என்ன பண்ணட்டும்னு கேட்டேன். 'வழக்கமா என்ன பண்ணுவியோ பண்ணு'ன்னா. பண்ணேன். ஒரே ஊசி."

"என்னால முடியலை அப்பா!" அசும்ப்தா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "உங்களைக் குளிப்பாட்டி, சாப்பாடு குடுத்து, வேலைக்கும் ஓடி... அது நொண்டியா வந்தா அதையும் நான்தான் தூக்கிச் சுமக்கணும். ஒரு நிமிஷம் யோசிச்சேன். அவ்வளவுதான். அப்புறம் நீங்க தினம் தெருமுனையில நின்னீங்க. மழையில நின்னீங்க. பாக்க முடியலை. அதனாலதான் இதைக் கேட்டு வாங்கினேன்."

"வாங்கினே. சரி. நான் இது இல்லைன்னு சொன்னப்போ?"

அவள் கவிழ்ந்த தேநீரைத் துணியால் துடைக்கத் தொடங்கினாள்.

"பத்து வாரம்" என்றார் பாட்சி. "கண்ணாடி முன்னாடி நின்னு என் பேரை நானே சொல்லிப் பாத்துக்கிட்டேன். மூளை கழண்டுடுச்சோன்னு. நீ அடுப்புல முட்டை வேக வச்சுக்கிட்டு பேசாம இருந்தே."

"டினி, நாளைக்கே பந்தய நாய்ப் பதிவகத்துக்கு எழுதறேன்" என்றார் டிம்ப்னா.

"எழுதுங்க. என்னை மாதிரி நூறு பேர் இருக்காங்க. எல்லாருக்கும் எழுத உங்க ஆயுசு பத்தாது." டினி மாஹர் எழுந்து போனான். அவன் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. அவன் சொன்னது பொய் இல்லை என்பதுதான் டிம்ப்னாவுக்குக் கசந்தது.

பாட்சி கறுப்பு நாயை முதல் தடவையாக நேராகப் பார்த்தார். "அப்போ இது அந்தச் சோனி."

"உன் வீட்டு ரத்தம்தான் பாட்சி. அப்பா அம்மா எல்லாம் காகிதத்துல இருக்கிறபடிதான். பதிவேட்டுல டினி இதுக்கு பெக்கின்னு பேர் வச்சிருந்தான். நாலு பந்தயம் ஓடிச்சு, நாலுலயும் கடைசி. அதுக்கப்புறம் ஒரு கொட்டடியிலேயே கிடந்திருக்கு."

"நான் தள்ளினது" என்றார் கிழவர். கையை நீட்டினார். நாய் மோந்து பார்த்தது. அவர் கை பாதியிலேயே நின்று, மடிக்குத் திரும்பியது. "எடுத்துட்டுப் போ டிம்ப்னா. இதைப் பாத்தா அது ஞாபகம் வரும். அதை நினைச்சா இதுக்குப் பண்ணது ஞாபகம் வரும்."

பதினொரு மணிக்கு டாக்டரம்மா வந்தார். டோனல் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். எழுத்து, நகம், விரல், ஒன்று விடாமல். டாக்டரம்மா பாட்சியிடம் பத்துக் கேள்விகள் கேட்டார். பத்துக்கும் சரியான பதில் வந்தது.

"மிஸ்டர் லூபி, உங்களுக்கு ஒரு குறையும் இல்லை. இந்தப் படிவத்தைக் கிழிச்சுடலாம்."

"குடுங்க அதை" என்றார் பாட்சி. "என் புத்தி சரியா இருக்குன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

"தாராளமா."

"அப்போ நான் போடற கையெழுத்து செல்லும்." அவர் பேனாவை வாங்கி, படிவத்தின் அடியில் நிதானமாகத் தன் பெயரை எழுதினார். "நான் இல்லத்துக்குப் போறேன். யாரும் அனுப்பலை, நானாப் போறேன். எவ கையால இனிமே சாப்பிடணும்னு முடிவு பண்ற அளவுக்கு எனக்கு மூளை இருக்கு."

"அப்பா, வேண்டாம்" என்றாள் அசும்ப்தா. "நான் கேட்டது இப்படி இல்லை."

அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. டாக்டரம்மாவின் காரிலேயே போக, தன் கோட்டை எடுத்துத் தரும்படி டோனலிடம் சொன்னார்.

டிம்ப்னா நாயை அழைத்துக்கொண்டு வெளியே வந்தார். காரின் பின்கதவைத் திறந்தபோது பெக்கி ஏற மறுத்தது. நான்கு கால்களையும் ஊன்றி, வீட்டு வாசலைப் பார்த்தது. வாசலில் அசும்ப்தா நின்றிருந்தாள். பத்து வாரம் அதற்குச் சோறு வைத்தவள் அவள்தான். வெட்டிய விரலுக்கு மருந்து போட்டவளும் அவள்தான். அது வாரை இழுத்துக்கொண்டு போய் அவள் தொடையில் தலையைச் சாய்த்தது.

"இதை நான் வச்சுக்கட்டுமா, மிசஸ் ஹாக்கெட்?" என்று கேட்டாள் அசும்ப்தா. "இனிமே வீட்ல வேற யாரு?"

டிம்ப்னா வாரின் முனையைக் கையில் எடுத்தார். எத்தனையோ பேருக்கு நாய் கொடுத்தவர். இதைவிட மோசமானவர்களுக்கும் கொடுத்திருந்தார்.

"நாளைக்கு இதுக்குக் கால் உடைஞ்சா?" என்று கேட்டார்.

அசும்ப்தா நாயைக் காரருகே நடத்திக்கொண்டு வந்தாள். குனிந்து நாயின் முன்னங்கால்களைத் தூக்கிக் காருக்குள் வைத்தாள். பிறகு பின்னங்கால்களை, அந்தத் தழும்பு உரசாதபடி பார்த்து. கதவைத் தானே சாத்தினாள்.

டோனல் வண்டியை எடுத்தான். பின்சீட்டில் பெக்கி உட்காரவே இல்லை. வளைவுகளில் தடுமாறித் தடுமாறி, பின்கண்ணாடி வழியே பார்த்தபடி, டிம்ப்னாவின் பால் நிலையம் வந்து சேரும்வரை நின்றுகொண்டே வந்தது.