ஒரு பேச்சுக்கு

அந்தப் பெண் பதில் சொல்லவில்லை. மஹ்லகாவுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

வெளியில் விரிப்பு விரித்துச் சாப்பிடுகிறவர்கள் வழியில் போகிறவரை "வாங்க, சாப்பிடுங்க" என்று கூப்பிடாமல் இருக்க மாட்டார்கள். கூப்பிடப்பட்டவர் நடையைக்கூட நிறுத்தாமல் "நல்லா சாப்பிடுங்க, உடம்புல ஒட்டட்டும்" என்று சொல்லிவிட்டுப் போவார். யாரும் வந்து உட்காருவதில்லை, யாரும் பதில் சொல்லாமல் போவதுமில்லை. மஹ்லகாவின் கணவன் ஃபர்சாத் கட்லெட்டை ரொட்டியில் சுருட்டிக்கொண்டே கையை உயர்த்தி, வழக்கமான பெருங்குரலில் கூப்பிட்டான். ஓக் மரங்களின் ஓரத்தில் சாம்பல் நிறச் சாதர் போர்த்தி நின்றிருந்தவள் அப்படியே நின்றாள்.

"காது கேக்கலையோ என்னவோ," என்றான் ஃபர்சாத்.

"தன்னைத்தான் கூப்பிடறாங்கன்னு தெரிஞ்சிருக்காது."

"இந்தக் காட்டுல வேற யாரு இருக்கா கூப்பிட?"

யாரும் இருக்கக்கூடாது என்றுதான் அவன் இங்கே வண்டியைத் திருப்பியிருந்தான். தெஹ்ரானின் கோடையிலிருந்து தப்பித்து எல்லோரும் வடக்கே கடற்கரைக்கு ஓடும்போது, "அங்க போயி நம்ம மாடிவீட்டுக்காரன் தொப்பைய ஜட்டியோட பாக்கணுமா?" என்று கேட்டுவிட்டு, ஷாஹ்ரூதைத் தாண்டி இந்த மேகக் காட்டுக்குக் கூட்டி வந்தான். காலையிலிருந்து வேறு வண்டியே கண்ணில் படவில்லை. ஆறு வயது மகள் பரஸ்தூ ஓடையில் முழங்கால் நனைய நடந்தாள், காட்டுப் பிளம்ஸ் தின்று பல் கூசியது என்று அழுதாள், அப்பா இரண்டு மரங்களுக்கு நடுவில் கட்டிய ஊஞ்சலை விட்டு இறங்க மறுத்தாள். பல மாதங்களுக்குப் பிறகு மஹ்லகா தன் தோள்கள் தளர்ந்திருப்பதை உணர்ந்தாள்.

பிற்பகலில் மேகம் ஏறி வந்தது. பள்ளத்தாக்கின் விளிம்பைத் தாண்டி, பொங்கிய பாலைப் போல வழிந்து, முதலில் தூரத்து மரங்களை, பிறகு கூடாரத்தை, பிறகு காரின் பின்பாதியை மெல்ல மெல்ல மூடியது. அதோடு ஈர மண்ணின் வாசனையும் அழுகிய இலைகளின் வாசனையும் வந்தன. பறவைச் சத்தம் நின்றுபோனது. ஊஞ்சல் கயிறு கிளையில் உரசும் ஓசை மட்டும், மிக அருகில் இருப்பதுபோல, காதுக்குள்ளேயே உரசுவதுபோலக் கேட்டது.

மேகம் சற்று விலகியபோது அந்தப் பெண் பாதித் தூரத்தில் நின்றிருந்தாள். ஃபர்சாத் மறுபடி கூப்பிட்டான். மேகம் மூடித் திறந்தது. அவள் இன்னும் கிட்டத்தில் இருந்தாள்.

"போதும், கூப்பிடாதே," என்றாள் மஹ்லகா தாழ்ந்த குரலில்.

"ரெண்டு தடவை கூப்பிட்டுட்டு மூணாவது தடவை விட்டா என்ன நினைப்பாங்க? உன் மூஞ்சியப் பாத்தா சுங்கச்சாவடியில ரசீது கேக்கிற மாதிரி இருக்கு, கொஞ்சம் சிரி." அவன் எழுந்து, நெஞ்சில் கைவைத்துக் குனிந்தான். "கானும்," என்றான், அறிமுகமில்லாத பெண்ணை மரியாதையாக அழைக்கும் சொல்லால். "எங்க ரொட்டியும் சேர்ந்துதான் உங்கள கூப்பிடுது. வாங்க."

அவள் வந்து விரிப்பின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவள் நடந்து வந்ததை மஹ்லகா பார்க்கவில்லை.

முகம் சாதாரணமான முகம்தான். ஐம்பது வயதிருக்கலாம். ஆனால் மஹ்லகாவின் இமைகளிலும், ஃபர்சாத்தின் மீசையிலும், புல்லின் ஒவ்வொரு நுனியிலும் மேகத்தின் ஈரம் முத்து முத்தாகக் கோத்திருக்க, அவள்மேல் ஒரு துளி இல்லை. சாதரிலிருந்து பனிக்காலம் முழுவதும் பூட்டிக்கிடந்த அறையின் வாடை வந்தது. ஃபர்சாத் நீட்டிய தேநீரை அவள் வாங்கிக்கொண்டாள். வேண்டாம் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று சொல்லவில்லை. கொதிக்கும் தேநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

மஹ்லகாவுக்குப் பயமாக இருந்தது. பயந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது. வீட்டுக்கு வந்தவரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லத் தவறினால் அவளுடைய அம்மா விரிப்புக்கு அடியில் தொடையைக் கிள்ளுவாள். கன்றிப்போகும்வரை கிள்ளுவாள். அந்தக் கிள்ளலுக்குப் பயந்து பயந்து, நினைக்கும் முன்பே பேசிவிடும் ஒரு வாய் அவளுக்குள் வளர்ந்திருந்தது. அலுவலகத்தில் எல்லோரும் பாராட்டும் வாய். அது தன்னுடையதுதானா என்று சில நாட்களாகவே அவளுக்குச் சந்தேகம்.

"நல்ல சால்வை," என்றாள் வந்தவள். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை.

"உங்களுக்கு இல்லாததா? எடுத்துக்கோங்க," என்றது மஹ்லகாவின் வாய்.

பதிலுக்கு, உங்கள் தோளில் இருந்தால்தான் அழகு என்று அவள் சொல்ல வேண்டும். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். அவள் கையை நீட்டினாள். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. மஹ்லகா சால்வையை அவிழ்த்துக் கொடுத்தாள். கழுத்தில் சட்டென்று குளிர் ஏறியது.

ஃபர்சாத் சிரிப்பை அடக்கிக்கொண்டு மஹ்லகாவின் காதருகே குனிந்தான். "ஒரு பேச்சுக்குச் சொன்னதுக்கு சால்வை போச்சா? நல்லவேளை, காரை அவங்க புகழல." கெட்டிலை எடுத்துக்கொண்டான். "ஊத்துல தண்ணி பிடிச்சிட்டு வந்துடறேன்."

"போகாதே, ஃபர்சாத்."

"அஞ்சு நிமிஷம், மஹ்லகா ஜான்," என்றான் செல்லமாக.

மேகம் அவனை விழுங்கியது. காலடிச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு இல்லை.

வந்தவள் ஊஞ்சலைப் பார்த்தாள். பரஸ்தூ வாய்க்குள் எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு ஆடினாள். வெள்ளைக்குள் போவதும் வெளியே வருவதுமாக ஒரு சிவப்புச் சட்டை. வந்தவள் நெடுநேரம் பார்த்தாள். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று மஹ்லகாவுக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து போய்க் குழந்தையைத் தூக்கிக்கொள்ள வேண்டும். விருந்தாளி உட்கார்ந்திருக்கும்போது எப்படி எழுந்து போவது? பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"அழகான பொண்ணு."

"உங்க வேலைக்காரிதான் அவ," என்றது மஹ்லகாவின் வாய். "உங்களுக்கே."

எந்தத் தாயும் சொல்வதுதான். பல்மருத்துவரிடம் சொல்லியிருக்கிறாள். காய்கறிக் கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறாள்.

வந்தவள் முதல்முறையாகத் தலை தாழ்த்தினாள். "சரி," என்றாள்.

"இல்ல... அது வந்து, நான்..." கொடுப்பதற்கு மஹ்லகாவிடம் நூறு சொற்கள் இருந்தன. திருப்பிக் கேட்க ஒன்றும் இல்லை. தொண்டைக்குள் தேடினாள். அம்மா அதைக் கற்றுத்தரவில்லை. யாருக்கும் யாரும் அதைக் கற்றுத்தந்ததில்லை. "ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன் கானும்," என்று அவள் சொல்லி முடித்தபோது எதிரே யாரும் இல்லை. விரிப்பின் ஓரத்தில் புல் மடங்கியிருக்கவில்லை.

பாட்டு நின்றிருந்தது.

அவள் ஓடினாள். வெள்ளை. மரம். வெள்ளை. ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தது. அதில் பரஸ்தூ இருந்தாள். இருந்தாள்! மஹ்லகா அவளை வாரி எடுத்தாள். முகத்தை, கைகளை, கால் விரல்களைத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் இருந்தன. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

கெட்டிலோடு திரும்பிய ஃபர்சாத்திடம், "கிளம்பு," என்றாள்.

"கூடாரம்?"

"கிடக்கட்டும். இப்பவே கிளம்பு."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் கேலி பேசவில்லை.

மண்பாதையில் கார் ஊர்ந்தது. மஹ்லகா பின்னிருக்கையில் குழந்தையோடு உட்கார்ந்தாள். பரஸ்தூ மடியில் படுக்கவில்லை. இருக்கையில் சாயவும் இல்லை. முதுகை நிமிர்த்தி, முழங்கால்மேல் கைகளை வைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள்.

"பசிக்குதாடா கண்ணு? கட்லெட் இருக்கு."

"அவங்க சாப்பிட்ட பிறகு சாப்பிடறேன், கானும்."

முன்னிருக்கையில் ஃபர்சாத் சிரித்தான். "அட, என்ன மரியாதை! அம்மாவ கானும்ங்கறா பாரு."

மஹ்லகா சிரிக்கவில்லை. "பரஸ்தூ. என்னைப் பாரு. நான் யாரு?"

குழந்தை திரும்பிப் பார்த்தாள். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரைப் பார்ப்பதுபோல, தொந்தரவு செய்துவிட்டோமோ என்ற கூச்சத்தோடு. "மன்னிக்கணும் கானும். நீங்க ரொம்ப நல்லவங்க. வழியில எங்க இறக்கி விட்டாலும் போதும், அவங்க வந்து கூட்டிப்பாங்க."

"தர மாட்டேன்," என்றாள் மஹ்லகா. வாழ்க்கையில் யாரிடமும் சொல்லாத சொல். உரக்கச் சொன்னாள். கண்ணாடியை நோக்கி, மேகத்தை நோக்கிக் கத்தினாள். "கேக்குதா? தர மாட்டேன்! நான் சொன்னது பொய்! அவ என் பொண்ணு!"

"மஹ்லகா!" ஃபர்சாத் பிரேக்கை மிதித்தான்.

"நிறுத்தாதே! ஓட்டு!"

ஓட்டினான். மேகம் கிழிந்து விலகியது. கீழே சமவெளி, மாலை வெயில், தார்ச்சாலை, லாரிகள். சாலையோரக் கபாப் கடைமுன் வண்டியை நிறுத்தினான். "உள்ள போய் உக்காரலாம். ஆளுங்க இருக்காங்க, வெளிச்சம் இருக்கு. எதையாவது பாத்துப் பயந்திருக்கா, தூங்கி எழுந்தா சரியாயிடும்."

உள்ளே ட்யூப் விளக்குகள். தொலைக்காட்சியில் கால்பந்து. வெங்காயமும் கொழுப்பும் கருகும் வாசனை. மூன்று லாரி ஓட்டுநர்கள் உரக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மஹ்லகா சுவரோர மேசையில் உட்கார்ந்து, குழந்தையை இரண்டு கைகளாலும் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். சின்ன இதயம் துடித்தது. சீராக. நிதானமாக.

கதவு திறந்தது. அவள் பிடிக்குள்ளேயே பரஸ்தூ விறைத்து எழுந்து நின்றாள். தலை தாழ்ந்தது. கைகள் முன்னால் கோத்துக்கொண்டன. வந்தது ஒரு ஓட்டுநர். குழந்தை உட்கார்ந்தாள்.

மறுபடி கதவு. எழுந்தாள். ரொட்டிக்காரப் பையன். உட்கார்ந்தாள்.

ஃபர்சாத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் உதடுகள் வெளுத்திருந்தன.

மறுபடி.

மஹ்லகா கதவின் பக்கம் திரும்பவில்லை. கைகளை இறுக்கினாள். பலம் முழுவதையும் சேர்த்து இறுக்கினாள். ஓட்டுநர்களின் சிரிப்பு நின்றது. யாரோ ஒருவர் நாற்காலியை இழுத்து இடம்விட்டார். குளிர் தரையோடு ஊர்ந்து வந்து கணுக்காலைத் தொட்டது. அவள் அணைப்புக்குள் குழந்தை எழுந்து, தலை தாழ்த்தி, கைகளைக் கோத்துக்கொண்டு நின்றாள்.

இந்தமுறை உட்காரவில்லை.