ஒன்பதாவது செய்தி

கெட்டில் சூடாக இருந்தது.

காலை ஒன்பது மணிக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு பல் டாக்டரிடம் போன மார்லா ஹென்ஷா, திரும்பி வந்து கதவை உள்பக்கம் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டியபோது மணி மூன்று. பாலைவனத்திலிருந்து வரும் அக்டோபர் வெங்காற்று லாஸ் ஏஞ்சல்ஸில் ஜன்னல்களையெல்லாம் கடகடவென்று ஆட்டிக்கொண்டிருந்தது. வெயில் பட்டுத்தான் சுட்டிருக்கும் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு மூடியைத் திறந்தாள், உள்ளே தண்ணீரிலிருந்து ஆவி வந்தது. கழுவுதொட்டியில் ஒரு பீச் பழ டின். காலி. பக்கத்தில் ஈர ஸ்பூன். அவள் தனியாக வாழ்கிறவள், பீச் பழம் வாயில் வைத்தாலே நாக்கு தடித்துவிடும்.

அந்த டின்கள் வாசலுக்கு வெளியே நிற்கிறவர்கள் நடைபாதையோரம் கொண்டுவந்து வைத்தவை. அலமாரி நிறைய இருந்தன. எல்லாம் அந்தப் பாழாய்ப்போன விளையாட்டால் வந்தது.

போன கோடையில், ஒரு பேய்ப்படத்துக்கு விளம்பரமாக, விளையாட்டு என்று சொல்லாமலே சினிமாக் கம்பெனிக்காரர்கள் ஒரு விளையாட்டு விட்டார்கள். பஸ் நிறுத்தங்களில் ‘எலன் கேஸ் என்ற பெண்ணைக் காணவில்லை’ என்று மார்லாவின் படம். கீழே ஒரு தொலைபேசி எண். அழைத்தால் எலனாக மார்லாவின் குரல்: “மேல யாரோ இருக்கான். நான் வெளிய போனா கீழ இறங்கி வரான்.” இப்படிப் பதினொரு செய்திகள். படத்தின் பெயர் எங்கும் கிடையாது, துப்புத் துலக்குகிறவர்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். இது விளையாட்டு என்று யாரும், எப்போதும், ஒப்புக்கொள்ளக் கூடாது. அதுதான் சட்டம். செய்திகளை எழுதியவன் டெரிக் போல்க், முப்பது வயது ஆகாத பயல். “உன்னை யாருக்கும் தெரியாது மார்லா, அதுதான் உன் பலமே” என்றான். இருபது வருஷம் நடித்தவளிடம் சொல்லும் பேச்சா அது! ஆனாலும் ஒத்துக்கொண்டாள். வேலை வேண்டியிருந்தது.

படம் வந்தது, மூன்றே வாரத்தில் தியேட்டரை விட்டு ஓடியது. விளையாடியவர்கள் மட்டும் ஓடவில்லை. சூப்பர் மார்க்கெட்டிலிருந்து ஒருத்தி அவள் பின்னாலேயே வந்து வீட்டைக் கண்டுபிடித்துவிட்டாள். இப்போது நடைபாதையில் எட்டுப் பேர், மடக்கு நாற்காலியும் நோட்டுப் புத்தகமுமாக.

மார்லா கம்பி போட்ட ஜன்னலைக் கொஞ்சம் தூக்கினாள். “யாராவது என் வீட்டுக்குள்ள வந்தீங்களா?”

நீலத் தொப்பி போட்ட பெண் எழுந்தாள். அவள் பெயர் பெட்சி. “நாங்க படி ஏற மாட்டோம் எலன். குறுக்கிடக் கூடாதுன்னு எங்களுக்குள்ள ஒரு கட்டுப்பாடு.”

“நான் எலன் இல்லம்மா. நடிகை. ஆட்டம் முடிஞ்சு போச்சு, வீட்டுக்குப் போய்ச் சேருங்க.”

பெட்சி ஆசையோடு தலையாட்டினாள். “ஒன்பதாவது செய்தியில இதையேதான் சொன்னீங்க. அதே வார்த்தை.”

ஆமாம். டெரிக் எழுதிக் கொடுத்து இவள் பேசியதுதான்.

படுக்கையறைக்குப் போய் போலீசுக்குப் போன் போட்டாள். “யாரோ என் வீட்டு மேல இருக்கான். நான் வெளிய போனப்ப கீழ இறங்கியிருக்கான்.”

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. “மேடம், இந்த வீட்டு விலாசத்தோட, இதெல்லாம் விளம்பர விளையாட்டுன்னு சினிமாக் கம்பெனிக் கடுதாசி இங்க செவுத்துல ஒட்டியிருக்கு. போன மாசம் மட்டும் நாப்பது பேர் கூப்பிட்டாங்க.”

“அது அவங்க! இது நான்! பீச் டின்னைத் திறந்து தின்னிருக்கான்!”

“நாலாவது செய்தி. என் பொண்ணுக்கு மனப்பாடம். நல்லாப் பண்றீங்க மேடம், ஆனா அவசர லைனை விடுங்க.”

டெரிக் ஒருவன் சொன்னால் அந்தக் கடுதாசியைக் கிழிப்பார்கள். அவனை அழைத்தாள், அழுதாள், எல்லாவற்றையும் சொன்னாள்.

“அடேயப்பா!” என்றான். “ரெண்டாம் பாகம் எடுக்கப்போறோம்னு உனக்கு யார் சொன்னது? இந்த நடுக்கம் அப்ப வரவே இல்லையே. உன்னையே போட்டுடலாம்.”

“டெரிக், சத்தியமா நடிக்கல. என்னைக் காப்பாத்துடா.”

“அதே தொனி. விட்டுடாதே.”

சட்டென்று போன் செத்தது. டயல் டோன்கூட இல்லை. வாழ்நாளில் அவள் நடிப்பை மெச்சியது இந்த இரண்டு பேர்தான், அதுவும் இன்றைக்கு.

அப்போது கேட்டது. காற்றில்லை. சமையலறைக்கு மேலே பலகை ஒன்று அழுந்தி, கொஞ்ச நேரம் யோசித்து, அடுத்த பலகை அழுந்தி, பாரமான எதுவோ அவசரமே இல்லாமல் நடைக்கூடத்தின் பக்கம் நகர்ந்து வரும் சத்தம். அங்கேதான் பரணுக்கு ஏறும் சதுர மூடி. அதன் கீழே கம்பளத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்புத் தூள். காலையில் அது இல்லை.

வாசலுக்கு ஓடினாள். உள்ளிருந்தும் சாவி போட்டால்தான் திறக்கும் பூட்டு.

ஆணியில் சாவி இல்லை.

அவள் போனில் இருந்தபோது எடுத்துக்கொண்டு மறுபடி மேலே ஏறியிருக்கிறான். பின்கதவுக்கும் அதே வளையத்தில்தான் சாவி. கைபேசி காரில்.

ஜன்னலுக்குப் போனாள். அது பாதிக்கு மேல் எழும்பாது, கம்பிக்கு வெளியே கை மட்டும்தான் போகும். “சாவியை எடுத்துட்டான்! கதவை உடைங்க! பெட்சி, உன் கால்ல விழுறேன், கதவை உடைங்க!”

எட்டுப் பேரும் எழுந்தார்கள். ஒருவரும் நடைபாதையைத் தாண்டவில்லை.

கண்ணாடியை முஷ்டியால் அடித்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. பெட்சி விரல் மடக்கினாள். எல்லோரும் அதையும் ஒரு துப்பாக எழுதிக்கொண்டார்கள். யாரோ பேச வாயெடுத்தான். “உஷ்! எண்ணிக்கை விட்டுப் போயிடும்” என்றாள் பெட்சி.

அடிப்பதை நிறுத்தினாள்.

அவர்கள் காத்திருந்தார்கள்.

பின்னால் மரம் மரத்தோடு உரசியது. மூடி. கம்பளத்தில் மெத்தென்று இரண்டு கால்கள்.

திரும்ப முடியவில்லை. கழுத்து மறுத்தது.

ஒரு அடி. இன்னொன்று. காதோரம் மூச்சு. பீச் பழப் பாகின் இனிப்பு வாசனை.

பெட்சியின் பேனா நின்றது. அவள் மார்லாவைப் பார்க்கவில்லை. மார்லாவின் தோளுக்கு மேலே பார்த்தாள். முகம் மெல்ல மலர்ந்தது. நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

கைதட்டினாள்.

பிறகு எட்டுப் பேரும் தட்டினார்கள்.