பக்ரி வீட்டு மஸ்கூத்

தொட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்கியபோது இன்ஸாஃபின் மணிக்கட்டு மடங்கிற்று. நேற்றுவரை ஒரு கையில் அவனை ஏந்திக்கொண்டு மறு கையால் ரொட்டி புரட்டியவள்தான். இன்று இரண்டு கையும் போதவில்லை. பால் குடிக்கிற பிள்ளை கனக்கத்தானே செய்யும் என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் சதையின் கனம் கையோடு குழையும். இது குழையவில்லை.

வெளியே கம்சீன் காற்று பாலைவனத்தையே வாரிக்கொண்டு வந்து கொட்டியது. நடுப்பகலிலேயே வானம் மஞ்சளாகி, கதவிடுக்கிலும் சன்னல் சாக்குத்துணியிலும் மணல் சரசரக்க, மாட்டுக்கொட்டகைக்கு அடியில் அவள் புருஷன் பக்ரி பழங்காலக் கல்லறைப் புதையல் தேடித் தோண்டிய குழியிலிருந்து ஈரமும் பழைய எலும்பும் கலந்த ஒரு வாடை வீடு முழுக்கப் பரவி, அடுப்பில் கொதித்த வெந்தய நீரின் மணத்தை அமுக்கிப்போட்டது.

இரண்டு பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்தவள் அவள். அதனால்தான் மூன்றாவதற்கு ஷஹாத் என்று பெயர் வைத்தாள். பிச்சைக்காரன் என்று அர்த்தம். பிச்சைக்காரன் மேல் எவள் கண் வைப்பாள்? இவன் ஒருவனாவது தங்கட்டும் என்பதைத் தவிர அவள் கடவுளிடம் வேறெதையும் கேட்டதில்லை.

கண் வைத்தது ஊர்க்காரி யாரும் இல்லை. பெற்ற அப்பன்தான் கெடுத்தான். பிரசவித்தவள் அறைக்குள் நாற்பது நாள் முடியும்வரை கல்லறை மண்ணோடு யாரும் நுழையக்கூடாது, நுழைந்தால் பால் வற்றும் என்று குன்றடியில் இருந்த அந்த ஊரில் கழுதைக்குக்கூடத் தெரியும். பக்ரிக்கும் தெரியும். ஆனால் குழியில் ஒரு வெண்கலச்சிலை கிடைத்த சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் நேரே அவள் படுக்கைக்கு ஓடிவந்து, "பாரு புள்ள, மஸ்கூத்!" என்று நீட்டிவிட்டான்.

கடவுளின் கோபத்தால் கல்லாகவும் உலோகமாகவும் உறைந்துபோன மனிதர்களை ஊரில் மஸ்கூத் என்பார்கள். இது ஒரு முழம்கூட இல்லை. தலையில் இறகு வைத்த உயரமான கிரீடம், மார்பின் மேல் குறுக்காகக் கட்டிய கை, துணி சுற்றியதுபோல் ஒட்டிப்போன கால். ஒசிரிஸாம், செத்தவர்களுக்கு ராஜாவாம். பழஞ்சிலை வாங்க வரும் ஆள் சொன்னானாம். மறுநாள் விடியும்போது அவளுக்குச் சொட்டுப் பால் இல்லை.

அதற்கும் பரிகாரம் உண்டு. பாலை எடுத்த பொருளையே தண்ணீரில் ஊறப்போட்டு, வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு அழைக்கும் நேரத்தில் அதை முன்னும் பின்னும் தாண்டி, அந்தத் தண்ணீரை மார்பில் ஊற்றிக்கொள்ள வேண்டும். இன்ஸாஃப் அப்படியே செய்தாள். பால் பொங்கி வந்தது.

அன்றிலிருந்துதான் பிள்ளை அழுவதில்லை.

பக்ரியின் அக்கா ராவ்யா ரொட்டியைப் போர்வைக்குள் மூடிக்கொண்டு, மணலைத் துப்பியபடியே உள்ளே வந்தாள்.

"என்ன ஷஹாத் அம்மா, முகம் ஏன் இப்படித் தொங்குது? பால் வருதா?"

"வருது அண்ணி. இவன் அழவே மாட்டேங்குறான்."

"அடி போடி! ஊருல அவளவ பிள்ளை அழுகுதுன்னு தலையில அடிச்சிக்கிறா. உனக்கு அழலன்னு கவலை. கொழுப்பு!"

இன்ஸாஃப் பிள்ளையைச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். துணி விலகியும் அவன் கைகால் உதறவில்லை. இரண்டு கையும் மார்பின் மேல் குறுக்காகக் கிடந்தன. கால்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ராவ்யா சிரித்துக்கொண்டே ஒரு கையைப் பிடித்து விலக்கினாள். விட்டதும் அது மெல்ல, அவசரமே இல்லாமல், பழைய இடத்துக்கே போயிற்று. ராவ்யாவின் சிரிப்பு நின்றது.

"தாண்டும்போது பிள்ளை யாருகிட்ட இருந்தான்?"

"என் கையிலதான். வீறிட்டு அழுதான் அண்ணி. நீங்க வரேன்னீங்க, வரல. கீழ போட மனசு வரல."

"கையில வெச்சிக்கிட்டா தாண்டின?" ராவ்யாவின் குரல் இறங்கிவிட்டது. "பாவி மகளே, பெத்தவ மட்டுந்தானே தாண்டணும்! எடுத்ததைத் திருப்பிக் குடுன்னு கேக்கப் போற இடத்துல நீ இன்னொண்ணை நீட்டியிருக்கியே!"

"நீட்டலையே அண்ணி... சும்மா இடுப்புலதானே..."

"அது கண்டுச்சா அதெல்லாம்? அந்தச் சனியன் இப்ப எங்க?"

"உள்ள, மரப்பெட்டியில."

"பக்ரியை விக்க விடாத. வீட்டை விட்டு அது வெளிய போச்சுன்னா..." ராவ்யா முடிக்கவில்லை. "நான் ஓதிப் பார்க்குற ஷேக்கைக் கூட்டிட்டு வரேன்." கறுப்புப் போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டு போனாள். வாசல் தாண்டும்வரை அவள் பிள்ளைப் பக்கம் திரும்பவே இல்லை.

வீட்டில் காற்றின் இரைச்சல் மட்டும். மேலே பனையோலைக் கூரை நெரிந்தது, கொட்டகையில் எருமை கயிற்றை இழுத்து இழுத்துச் சுவரில் முட்டியது, பானையின் மூடி தானாக ஆடிற்று. அவற்றுக்கெல்லாம் அடியில், மெல்லியதாக, வேறொரு சத்தம். பூனையோ என்று நினைத்தாள். காதுக்கு முன்னால் மார்பு அதை அடையாளம் கண்டுகொண்டது. பால் சுரந்து சட்டையை நனைத்தது.

பிள்ளை அழுகிறது.

தொட்டிலில் இருந்ததைப் பார்த்தாள். வாய் மூடியிருந்தது. கண் திறந்திருந்தது. இமைக்கவில்லை.

அழுகை உள்ளறையிலிருந்து வந்தது. மரப்பெட்டிக்குள்ளிருந்து.

அவள் மூடியைத் திறந்தாள். பழைய துணிகளுக்கு நடுவே வெண்கலம் பச்சை பூத்துக் கிடந்தது. தொட்டாள். கதகதப்பு. காய்ச்சல்கார உச்சந்தலையின் கதகதப்பு. பசி வந்தால் ஷஹாத் இரண்டு முறை விக்கிவிட்டுத்தான் வீறிடுவான். அது விக்கிற்று. மறுபடி விக்கிற்று.

"இதோ வந்துட்டேன் கண்ணு, அம்மா வந்துட்டேன்," என்று அவள் எடுக்கக் குனிந்தபோது வேறொரு கை முந்திக்கொண்டது. பக்ரி. தலைத்துணியால் வாயைக் கட்டியிருந்தான்.

"வாங்குற ஆளோட வண்டி நிக்குது. தள்ளு புள்ள."

"ஷஹாத் அப்பா, உங்க கால்ல விழறேன். குடுக்காதீங்க. அழுவுது, கேக்கலையா?"

"காத்துடி."

"அது உங்க பிள்ளை!"

அவன் தொட்டிலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். இரண்டு பிள்ளைகளைப் புதைத்தவள் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பான். அவன் கண்ணில் கோபமில்லை, பரிதாபம்தான். "எல்லாம் அவனுக்காகத்தான் இன்ஸாஃப். ஆத்துக்கு அந்தப் பக்கம் ஓட்டுவீடு கட்டுவோம்." சிலையைத் துணியோடு சுருட்டினான். அழுகை அமுங்கிற்று. மூச்சு முட்டுகிற அழுகை.

அவன் கையைக் கடித்தாள். அவன் உதறினான். விழுந்தாள். எழுவதற்குள் வண்டிக் கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

ஓடினாள். வெறுங்கால். மஞ்சள் புழுதி. முன்னால் வண்டி தெரியவில்லை, அழுகை மட்டும் தெரிந்தது. கால்வாய்ப் பாலம். கரும்புக்காடு. படகுத்துறைச் சாலை. அழுகை சிறுத்தது. பால் வயிறுவரை வழிந்தது. ஒரு கேவல். அப்புறம் காற்று.

"ஏ ஷஹாத் அம்மா! பச்சைப் பிள்ளையைத் தனியா விட்டுட்டு எங்கடி ஓடுற? மனுஷிதானா நீ?"

பக்கத்து வீட்டுப் பெண்கள். மூச்சிரைக்க ஓடிவந்தார்கள். ஒருத்தி கையில் துணி சுற்றிய மூட்டை.

"வேண்டாம். கொண்டு போங்க."

"என்னது வேண்டாமா? அப்பா, என்ன கனம்! மாஷா அல்லா. பாரு, உன்னையேதான் பாக்குறான்."

"அது அவன் இல்ல."

"பிரசவக் கிறுக்கு. ரெண்டைப் பறிகொடுத்தவ, பாவம். உட்கார வைங்கடி. பால் கட்டியிருக்கு, குடுத்தா தெளிஞ்சிடுவா."

தோளை அமுக்கினார்கள். அன்பாகத்தான் அமுக்கினார்கள். மடியில் கனம் இறங்கிற்று. ரோட்டில் ஆண்கள் போவார்களே என்று, நாலு பக்கமும் நின்று கறுப்புப் போர்வைகளை விரித்து மறைப்புக் கட்டினார்கள். வெளிச்சம் போயிற்று. யாரோ அவள் சட்டைப் பொத்தானை அவிழ்த்துவிட்டாள்.

இருட்டுக்குள் அது வாயைத் திறந்தது. நாக்கு இல்லை. தொண்டை இல்லை. குடைந்தெடுத்த வெறும் கறுப்பு, ஆழம் தெரியாமல், கீழே கீழே போயிற்று. அடியில், மிக அடியில், அவள் புதைத்த இரண்டு பிள்ளைகளும் அழுதுகொண்டிருந்தன.