மூன்றாவது அவுட்புட்

இசை மென்பொருளின் மிடி அவுட்புட் பட்டியலில் இரண்டு கருவிகளின் பெயர்கள்தான் இருக்க வேண்டும். கீபோர்டு ஒன்று, டிரம் மெஷின் ஒன்று. ஜெனித்தின் லேப்டாப்பில் மூன்று இருந்தன. மூன்றாவது பெயர் மெர்லின்.

‘போன்ல ப்ளூடூத்த அணைக்காம உட்டிருப்பா’ என்று மனைவியை மனசுக்குள் வைதான்.

திண்டிவனத்தில் வாடகை வீடு. படுக்கையறைச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி ஸ்டுடியோ ஆக்கியிருந்தான். வெளியே பிற்பகல் மழை ஓட்டை விழுந்த தகரத்தில் சடசடத்துக்கொண்டிருக்க, அடுப்படியிலிருந்து இஞ்சி வாசனை கதவிடுக்கில் கசிந்து, சூடேறிய வயர்களின் நாற்றத்தோடு கலந்து தொண்டையில் படிந்தது.

விழுப்புரத்திலிருந்து தேவசகாயம் போன் செய்தார். தேர்த் திருவிழாக் கமிட்டிக்காரர்.

“இன்னா ஜெனித்து, சாயங்காலம் மாதா தேர் கெளம்புது. பாட்டு எங்க?”

“டிரம்ஸ் மட்டும் பாக்கிண்ணே. பண்ணிக்கினே இருக்கேன்.”

“போன வருசம் மாரி கொசு அடிக்கிறாப்ல இருந்துச்சுன்னா, அடுத்த வருசம் வேற ஆளு. அடி மண்டையப் பொளக்கணும், ஆமா!”

பொளக்கட்டும் என்று வரிக்கு வரி அடியின் பலத்தை ஏற்றினான். கடைசிச் சரணத்துக்கு முன் நாலு வரி டிரம்ஸே கிடையாது. மெர்லின் பாடிய குரல் மட்டும். அது முடிந்ததும் எல்லா அடியும் நூற்றிருபத்தேழு. அதற்கு மேல் மிடியில் பலம் இல்லை. மிடியில் சத்தமும் இல்லை. போவது வெறும் கட்டளை. எப்போது அடி, எவ்வளவு பலமாய் அடி. அடிக்க வேண்டியது மறுமுனையில் இருப்பது.

பட்டியலை மூடும்போது மவுஸ் சக்கரம் விரலில் வழுக்கி, தேர்வு ஒரு பெயர் கீழே இறங்கியது. பொருட்படுத்தாமல் ப்ளே தட்டினான்.

டிரம் மெஷின் ஊமையாய் இருந்தது.

அடுப்படியில், டொம்.

“ஏய், இஞ்சிய அப்பறம் நசுக்கேன்!”

டொம். டொம். அவன் வைத்த இடத்தில் விழுந்தது. அவன் விட்ட இடத்தில் விட்டது. சிரிப்பு வந்தது. தாளம் போட்டுக் கலாய்க்கிறாள்.

அப்போதுதான் பார்த்தான். மெர்லினின் போன் அவன் மேசையிலேயே கிடந்தது. சார்ஜ் தீர்ந்து, செத்து.

ஓடினான்.

மெர்லின் சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். தலையைப் பின்னுக்கு இழுத்தாள். மோதினாள். வெள்ளைச் சுவரில் சிவப்பாய் ஒரு வட்டம்.

“நானில்லங்க... தல தானா போவுது... புடிங்க!”

பிடித்தான். அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய் மோதியது அந்த நெற்றி.

திரும்ப ஓடினான். ஸ்டாப். நிற்கவில்லை. பிளக்கைப் பிடுங்கினான். பேட்டரியில் ஓடியது. ஸ்பீக்கரில் மெர்லின் மாதாவைப் பாடிக்கொண்டிருந்தாள், அடுப்படியில் அலறிக்கொண்டிருந்தாள். அடி பலத்துக்கொண்டே போனது. கடைசிச் சரணம் வந்தால் மண்டை தாங்காது.

அவுட்புட்டை மாற்றணும்.

பட்டியலில் கீபோர்டு இல்லை. டிரம் மெஷின் இல்லை. இரண்டே பெயர்.

மெர்லின்.

ஜெனித்.

“அவளுக்குப் பதிலா நான் வாங்கிக்கிறேன், தாயே.” தட்டினான். பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தான்.

ஒன்றும் இல்லை. டிரம்ஸ் இல்லாத நாலு வரி.

மெர்லின் தள்ளாடி வந்தாள். முகமெல்லாம் ரத்தம். அவன் மார்பில் சாய்ந்தாள்.

“நின்னு போச்சுங்க.”

இரண்டாவது வரி. அவனுடைய இடது கை அவள் கூந்தலைச் சுற்றிப் பிடித்தது. அவன் பிடிக்கவில்லை.

மூன்றாவது வரி. வலது கை மைக் ஸ்டாண்டின் இரும்புக் கம்பியை உருவி எடுத்தது.

கட்டளைதான் போகும். அடிக்க வேண்டியது மறுமுனை.

“இன்னாங்க... இன்னாங்க பண்றீங்க?”

“ஓடுடி!” வாய் மட்டும் அவனுடையதாய் இருந்தது. பிடி விடவில்லை.

நான்காவது வரி முடிந்தது.

கை இறங்கியது.

ஸ்பீக்கரில் மெர்லின் பாடிக்கொண்டே இருந்தாள். கை மறுபடி உயர்ந்தது. தாளம் தப்பவில்லை.