நாலாவது பக்கத்து ஜன்னல்

"குடையைக் கொண்டுபோய்க் கரண்டு வயருக்கு மேலையே வைக்கிறீங்கள்? சாகப்போறீங்களோ?"

அட்டன் கம்ப்யூட்டர் வகுப்பில் கிருஷாந்திக்குக் கிடைத்த முதல் வரவேற்பு அதுதான். 2007, விடாத மழை. டயகமப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி, நனைந்து வந்தவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

"அப்ப வேற எடம் காட்டுங்க சேர்!"

யாழ்ப்பாணத்திலிருந்து படிப்பிக்க வந்திருந்த ஜெயதீபன் நிமிர்ந்தான். அவள் கண்களைப் பார்த்தான்... திட்ட வந்ததை மறந்தே போனான். சமாளிக்க ஏதோ ஒரு விசையைத் தட்டினான். லினக்ஸ் திரை ஒரு பெட்டியாகி மெல்லச் சுழன்றது. பக்கத்துக்கு ஒரு திரை, மொத்தம் நாலு. கோபம் போன இடம் அவளுக்கே தெரியவில்லை.

"இது தொடக்கம்தான். கொஞ்சக் காலத்திலை ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இதுக்குள்ளையே வீடு மாதிரி நடந்து திரியலாம்."

"அந்த வீட்டுல ஜன்னல் இருக்குமா சேர்? எங்க லயத்துக் காம்பராவுல இல்ல."

"உங்களுக்கெண்டு ஒண்டு வைப்பம்."

"அப்ப நாலாவது பக்கம் எனக்கு!"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவனும் சிரித்தான். அதன்பிறகு அவளுக்கு வாரத்தில் வகுப்புள்ள சனிக்கிழமை ஒன்றுதான் நாளாக இருந்தது...

மூன்றாம் மாதம் அம்மா மலையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். வகுப்பு நின்றது. ஜெயதீபன் சேர் ஒரு கடிதமாவது போடுவார் என்று கிருஷாந்தி காத்திருந்தாள். வரவில்லை. தோட்டத்துப் பிள்ளையை யாழ்ப்பாணத்து சேர் தேடுவாரா என்ன? தானாக எழுத மானம் விடவில்லை.

நாலு மாதம் கழித்து, அம்மாவுக்குப் பதிலாகத் தேயிலைக் கொழுந்தெடுக்கப் பேர் பதிந்தாள். முதல் நாள் காலை, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், பேர் கூப்பிட்ட கணக்கப்பிள்ளை செல்லசாமி அவளை நிறுத்தினார்.

"கிருஷாந்தி நீதானா? ஆபீசுல ஒரு காயிதம் கெடக்கும்மா. அப்படி ஒரு பேரு நம்ம பதிவுலயே இல்லையேன்னு வச்சிருந்தாங்க."

தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலுக்குத் தபால்காரர் வருவதில்லை. கடிதங்கள் தோட்ட ஆபீசுக்கு வரும். பதிந்த தொழிலாளியின் பேர் சொல்லிப் பெரட்டில் கொடுப்பார்கள். அம்மா பேரையும் எழுதியிருந்தால் அன்றைக்கே வந்திருக்கும். ஜெயதீபனுக்கு அது எங்கே தெரியும்? அவள் பேரை மட்டும் எழுதியிருந்தான்.

உள்ளே ஒரு டிஸ்க். கூடவே ஒரு துண்டுக் கடிதம். 'நாலாவது பக்கத்தைப் பாருங்கோ. ஒரு மாசத்துக்குள்ளை பதில் வராட்டி, விருப்பமில்லை எண்டு விளங்கிக்கொண்டு, அம்மா பேசின கனடாக் கலியாணத்துக்கு ஓம் சொல்லுவன்.'

தேதி நாலு மாதம் பழையது.

ஞாயிற்றுக்கிழமை அட்டனுக்கு ஓடினாள். வகுப்பில் ஊர்மிளா என்ற புது டீச்சர் இருந்தாள்.

"தீபன் சேரோ? அவர் போன மாசமே கனடா போயிட்டார். கலியாணமும் முடிஞ்சுது."

கிருஷாந்தி காலியாக இருந்த ஒரு மிசின் முன்னால் உட்கார்ந்தாள். டிஸ்க்கைப் போட்டாள். பெட்டி சுழன்றது... நாலாவது பக்கத்தில் ஒரு ஜன்னல். வெளியே தேயிலை மலை, மழை. கீழே, 'எனக்கு உங்களிலை விருப்பம். உங்களுக்கு?' என்று ஒரு வரி.

அதன் அடியில் அவள் தட்டினாள்.

'எனக்கும்தான் சேர்... நீங்க குடைக்குத் திட்டுன அன்னைலருந்தே.'

லினக்ஸ் முழுவதும் டிஸ்க்கிலிருந்தே ஓடும்போது எழுதுவது எதுவும் மிசினை நிறுத்தினால் மிஞ்சாது. அவன்தான் அதைச் சொல்லிக் கொடுத்திருந்தான்.

"தங்கச்சி, பூட்டப்போறன்," என்றாள் ஊர்மிளா.

கிருஷாந்தி அந்த வரியை இன்னொரு தடவை வாசித்தாள். பிறகு தன் கையாலேயே மிசினை நிறுத்தினாள். வயருக்குப் பக்கத்தில் வைக்காமல் வாசலிலேயே வைத்திருந்த குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.