வேன் கூரையில் ஒரு முழப் பனி

வேனின் முன்கண்ணாடியில் இரண்டு கையகலத்துக்கு மட்டும் அப்பா பனியைச் சுரண்டினார். "போதும். ஏறு."

கைஸ்லா ஏறவில்லை. கூரையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே ஒரு முழ உயரத்துக்குப் பனி, மெத்தை விரித்த மாதிரி கிடந்தது.

"அப்போ மேல இருக்கிற பனி, அப்பா?"

"அது பாட்டுக்கு இருக்கட்டும். காத்துல தானா பறந்துடும்."

"பறந்து எங்க போகும்?"

அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இவாலோ ஊரில் இன்று பனிச்சறுக்குத் தொடரோட்டப் போட்டி. கைஸ்லாவின் அணியில் மூன்றே பேர். ஒருத்தி வராவிட்டாலும் அணியே ஓட முடியாது. ஹெல்மி முன்பே போய்விட்டாள். வில்யா பக்கத்து வீட்டு வாசலில் காருக்குள் தயாராக இருந்தாள். அவள் அம்மா மார்கெட்டா, இவர்கள் வேனுக்குப் பின்னாலேயே ஓட்டி வருவதாக ஏற்பாடு.

"வில்யாவோட கார் கண்ணாடியிலதான் போய் விழும். நான் ஏற மாட்டேன்."

"போட்டிக்குப் போகணும்னு நேத்தெல்லாம் குதிச்சது யாரு?"

"நான்தான். போகணும். இதைத் தள்ளிட்டுப் போகணும்."

"எனக்கே எட்டல. நீ என்ன ஒட்டகச்சிவிங்கியா?"

கைஸ்லா டயர்மேல் ஏறித் துடைப்பத்தை நீட்டினாள். ஒரு கட்டிப் பனி அவள் கழுத்துப் பட்டைக்குள் விழுந்தது. அப்பா சிரித்தார். அவள் உதறிவிட்டு மறுபடி நீட்டினாள். ஓரம்தான் எட்டியது.

சட்டென்று வீட்டுக்குள் ஓடினாள். நடையில் கிடந்த நீளமான கந்தல் கம்பளத்தை இழுத்துக்கொண்டு வந்தாள். புதுப்பனி விழுந்தால் ஊரில் எல்லாரும் கம்பளத்தைப் பனியில் போட்டு அடித்துச் சுத்தம் செய்வார்கள்.

"இன்னிக்கு இதை அடிக்கணும்னு அம்மா சொன்னாங்க. கூரை மேலயே தேய்ச்சிடலாம். அந்தப் பக்கம் போய்ப் பிடிங்க."

முதல் வீச்சில் கம்பளம் அவள் தலையிலேயே விழுந்தது. மூன்றாவது வீச்சில் அப்பா மறுமுனையைப் பிடித்தார். மரம் அறுப்பது போல இருவரும் இழுத்து இழுத்து, முன்னாலிருந்து பின்னால் நகர்ந்தார்கள். பனி பாளம் பாளமாகச் சரிந்தது. பாதி அப்பா மேல்.

மார்கெட்டா ஜன்னலை இறக்கி அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். "தவுனோ! என்ன, பனிமனுஷன் செய்றீங்களா?"

"செஞ்சாச்சு. நான்தான் அது," என்றார் அப்பா. பிறகு யாரும் சொல்லாமலே கண்ணாடி முழுவதையும் விளக்குகளையும் சுரண்டினார்.

காட்டுச் சரிவில் ஒரு கலைமான் சாலைக்குக் குறுக்கே நின்றது. அப்பா பிரேக்கை மிதித்தார். வேன் கொஞ்சம் வழுக்கி நின்றது. கண்ணாடி மேல் ஒரு பொட்டுப் பனிகூடச் சரியவில்லை. பின்னால் மார்கெட்டாவின் காரும் தள்ளியே நின்றது.

அப்பா பக்கக் கண்ணாடியில் அந்தக் காரைப் பார்த்தார்.

"இந்த மகாராணி நகர மாட்டேங்கிறாளே," என்றார் கலைமானைக் காட்டி. "கம்பளம் போட்டு இழுக்கணும்போல."

கைஸ்லாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கலைமான் நிதானமாகக் காட்டுக்குள் போயிற்று.

போட்டித் திடலில் கைஸ்லாவும் வில்யாவும் இறங்கி ஓடியபோது, ஹெல்மி தன்னந்தனியாக அழும் முகத்தோடு நின்றிருந்தாள். நடுவர் அவர்கள் அணியின் பெயரை வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"இருக்கோம்," என்றாள் கைஸ்லா மூச்சு வாங்க. "மூணு பேரும் இருக்கோம்."