நூற்றுக்கு எண்பத்தாறு

இடுப்புக்கு மேலே இரண்டு பக்கமும் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது போலக் குருவம்மாவுக்கு வலித்தது. விடிந்ததிலிருந்து மூத்திரம் வரவில்லை. நேற்று வந்ததுகூட வரக்காப்பி நிறத்தில் நாலு சொட்டுதான். கொண்டுவந்த தண்ணீர் பத்து மணிக்கே தீர்ந்துவிட்டது. இன்னும் ஆறு வரிசை பருத்தி எடுக்கக் கிடந்தது.

மூடுபந்தலுக்குள் காற்று ஈரச்சாக்காக முகத்தில் அப்பியது. கரட்டூரணியில் ஐப்பசி மழை பொய்த்துப் பதினோரு வருஷம்; வெளிக்காற்றில் பிழிய ஒன்றுமில்லை. அதனால்தான் ஏழு வருஷமாகப் பத்து ஏக்கரையும் கண்ணாடித்தாள் மூடியிருந்தது. உள்ளே எழும் ஆவியை உச்சியிலிருந்த காற்றூற்று எந்திரம் குளிர்வித்துத் தண்ணீராக்கி முதலாளி சென்னகேசவனின் வீட்டுத் தொட்டிக்கு அனுப்பியது. ஊர்க்குழாயில் அவர் வீட்டார் தண்ணீர் பிடிப்பதில்லை. எவன் எவன் கை பட்டதோ.

பந்தல் வாசலில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து செம்பைத் தூக்கி அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மெக்கானிக் இன்பராசு ஊற்றிலிருந்து இறங்கும் குழாயின் பெட்டியைத் திறந்து வைத்திருந்தான்.

"முதலாளி, ஒரு செம்புத் தண்ணி குடுங்க. கண்ணு இருட்டுது."

"கொண்டாந்தத என்ன பண்ணுன?"

"தீந்துபோச்சு. கையேந்துறேன், மேல இருந்து ஊத்துங்க. செம்பத் தொடல."

"உனக்கு ஊத்துனா தொண்ணூறு பேரும் வந்து நிப்பீக. இது கண்ட தண்ணி இல்லளா. மனுசக் கையே படாதது. போய் எடுத்து முடி, பாக்கலாம்."

இன்பராசு மூலங்காட்டியைப் பொருத்தி முடித்தான். தண்ணீரில் மிஞ்சியிருக்கும் வாடையை வைத்து, அது எதிலிருந்து ஆவியானது என்று சொல்லும் கருவி. இந்த வருஷம் அரசாங்கம் கட்டாயமாக்கியிருந்தது. திரையில் வந்ததை அவன் வாய்விட்டே படித்தான்.

"மண்ணு அஞ்சு. செடி ஒம்பது. மனுச உடம்பு எண்பத்தாறு."

"உடம்புன்னா?"

"வேர்வை, மூச்சு. நீங்க போட்டிருக்கது பூட்டுப்பருத்தி சார். இலைத் தொளைய மூடிக்கிட்டு ஈரத்த வெளிய விடாது. பெறகு உள்ள நிக்கிறவங்கதான விடணும்? பயப்படாதீங்க, தண்ணி சுத்தம்தான். அது வந்த எடம்தான் உடம்பு."

சென்னகேசவன் நாற்காலிக் காலடியிலேயே வாந்தி எடுத்தார்.

"ஏழு வருசமா நம்ம கக்கத்தத்தான் குடிச்சிருக்காக!" உள்ளேயிருந்து ஒருத்தி கத்தினாள். சிரிப்பு பந்தலை முட்டியது. குருவம்மா சிரிக்கவில்லை. கரிசல் உறிஞ்சிக்கொண்டிருந்த அந்த வாந்தித் தண்ணீரையே பார்த்தாள். அவளுக்கும் குமட்டியது. குமட்டலோடு தாகமும் எடுத்தது. அதுதான் கேவலமாக இருந்தது.

அன்றே எல்லாரையும் வெளியே விரட்டினார். மறுநாளே ஊற்று சொட்டுவது நின்றது. மூன்றாம் நாள் தொட்டி வற்றியது. நாலாம் நாள் காலையில் அவரே டிராக்டரோடு அவர்கள் தெருமுனைக்கு வந்தார். இறங்கவில்லை.

"வேல செய்ய வேண்டாம். உள்ள வந்து சும்மா உக்காந்தாப் போதும். முழுக்கூலி."

"நாத்தம் போயிருச்சா முதலாளி?" என்றாள் ஒருத்தி, டிரெய்லரில் ஏறிக்கொண்டே.

"எவன் எவனோ கை வச்ச தண்ணிக்கி இது தேவல. எனக்குத் தெரிஞ்ச ஆளுகதான."

குருவம்மா இடுப்பைப் பிடித்தபடி நின்றாள். "வேர்க்கணும்னா மொதல்ல குடிக்கணும் முதலாளி. அன்னைக்கிக் கேட்டது ஒரு செம்பு."

"ஏறு. அங்க வந்து தாரேன்."

வீட்டில் அடுப்பெரியவில்லை. ஏறினாள். பந்தல் வாசலில் எல்லாரையும் உள்ளே விட்டுக் கதவை அடைத்தார்கள். மாலைக்குள் ஊற்று சொட்டத் தொடங்கியது. தொட்டிக்கு நாலு குடம் போனது.

அவளுக்குத் தரவேண்டிய ஒரு செம்புத் தண்ணீர் இன்னும் பாக்கி.